இப்போதுதான் யாரும் இல்லை

ஹோமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நாற்பது பேருக்குச் சாம்பார் வைக்கத் தெரியும். ஒரு ஆளுக்கு வைக்கத் தெரியாது. ஒரு பிடிப் பருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எப்படி மிஸ் போதும்?" என்று என்னைப் பார்த்து முழிப்பார்கள். மூட்டை வெங்காயத்தை அசராமல் உரித்துப் போடுகிறவள், கால் கிலோ வெங்காயம் வாங்கி வரச் சொன்னால் கடை வாசலில் நின்றுகொண்டு யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடுவாள். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போடத் தோன்றாது. ஒருத்தி முதல் நாள் சாயங்காலம் என்னிடம் கேட்டாள், "மிஸ், லைட்ட யாரு அணைப்பாங்க?"

எனக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளோடுதான் வேலை. தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெண்பிள்ளைகள் இல்லம் அது. பெற்றோர் இல்லாதவர்கள், இருந்தும் பிரயோஜனம் இல்லாதவர்கள் அங்கே வளர்கிறார்கள். பதினெட்டு முடிந்தால் வெளியே போய்விட வேண்டும். அதற்கு முன்னால் அவர்களுக்கு வெளியுலகத்தைப் பழக்கிவிடுவது என் பொறுப்பு. கேஸ் சிலிண்டர் மாட்டுவது, பேங்கில் வரிசையில் நிற்பது, வீட்டுக்காரரிடம் வாடகை பேசுவது, பஸ்ஸில் இடிக்கிறவனைத் திரும்பி முறைப்பது. எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல். பேய் பிசாசு நம்பிக்கை அதைவிடக் குறைச்சல். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

குற்றாலத்தில் ஒரு சின்ன வீட்டை நாங்கள் வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். பயிற்சி வீடு என்று அதற்கு நான்தான் பேர் வைத்தேன். வெளியே போகப்போகிற பிள்ளை அங்கே போய்த் தனியாக இருந்து பார்க்க வேண்டும். பகலில் ஏதாவது வேலைக்குப் போகலாம், சாயங்காலம் வந்து தானே சமைத்துச் சாப்பிட்டுத் தானே படுக்க வேண்டும். நான் நினைத்த நேரத்தில் போய்ப் பார்ப்பேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய லாட்ஜ். அண்ணன் தம்பி சொத்துத் தகராறில் அது பூட்டிக் கிடந்தது. முன்பு எங்கள் வீடு அந்த லாட்ஜின் வாட்ச்மேன் குடியிருந்த வீடாம். அதனால் எங்கள் புறவாசலில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், லாட்ஜுக்குள் போக ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு. அந்தப் பக்கம் தாழ் போட்டு, மேலே பெயின்ட் அடித்து, துரு ஏறி, சுவரோடு சுவராகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

சீசனில் குற்றாலத்தில் யாரும் தனியாக இருக்க முடியாது. எண்ணெய் தேய்த்த உடம்புகளும் சிப்ஸ் கடைச் சத்தமும் அருவி இரைச்சலும் சேர்ந்து நம்மைத் தூங்கவே விடாது. ஆனால் மார்ச் மாதம் போய்ப் பாருங்கள். அருவியில் பாறைதான் இருக்கும். கடைகள் பாதி அடைத்திருக்கும். லாட்ஜ் மொட்டைமாடியில் குரங்கு நடந்தால் நம் வீட்டுக்குள் கேட்கும். அந்த அமைதியில்தான் நான் பிள்ளைகளைத் தனியாக இருக்கப் பழக்கினேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஹோமில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு எண்ணிக்கை உண்டு. பிள்ளைகள் வரிசையாக நின்று அவரவர் நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சேரும்போது கொடுத்த நம்பர் போகிறவரை மாறாது. ஒரு நம்பர் வரவில்லையென்றால் அந்தப் பிள்ளையைத் தேடிக் கூட்டி வருகிறவரை ஒருத்தரும் தட்டில் கை வைக்கக் கூடாது. ஒருத்தி நம்பரை இன்னொருத்தி சொல்லிவிட்டால் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. அந்த நம்பருக்குரியவள் ஓடி வந்து தன் வாயால் திருப்பிச் சொன்னால்தான் வரிசை நகரும். வருடக்கணக்கில் இப்படி நின்ற பிள்ளைகளுக்கு அது பசி மாதிரி உடம்பில் ஊறிப்போயிருக்கும்.

நான் சொல்ல வந்த பெண்ணின் நம்பர் பதினொன்று. மெலிந்த பெண், பேச்சு குறைவு, கணக்கில் கெட்டி. தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தேன். அவள் பயிற்சி வீட்டில் ஒழுங்காகத் தனியாக இருந்து காட்டினால், பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிற குழு கூடி, வெளியே ரூம் எடுத்துத் தங்க வாடகைக்கு உதவி கொடுக்கும். இருந்து காட்டவில்லையென்றால் அவளுக்குப் போகிற இடம் ஒன்றுதான், தாய்மாமன் வீடு.

தாய்மாமன் ஆலங்குளம் பக்கம். பெண்டாட்டி உயிரோடு இருந்தவரை இவளை வாசல் படி ஏற்றாதவர். பெண்டாட்டி செத்த பிறகு, ரெண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லாடும்போது அவருக்கு அக்கா மகள் ஞாபகம் வந்துவிட்டாள். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை மிக்சர். "முறைதான மேடம், நானே கெட்டிக்கிடுதேன். பிள்ளைக்கும் ஒரு நிழல் வேணும்லா?" என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் என் பின்னால் நின்று என் சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு மடங்கு வயது அவருக்கு. எனக்கு அந்த மிக்சரைத் தூக்கி ரோட்டில் கொட்ட வேண்டும் போல் இருந்தது.

அவள் பயிற்சி வீட்டுக்குப் போனாள். ஆரம்பம் முதலே நன்றாக இருந்தது, அதுதான் ஆச்சரியம். மற்ற பிள்ளைகள் முதல் வாரத்தில் போன் போட்டு அழுவார்கள். இவள் அழவில்லை. "பயமா இருக்கா?" என்று கேட்டால், "இல்ல மிஸ், நல்லா இருக்கு" என்பாள். அரிசி மட்டும் சீக்கிரம் தீர்ந்தது. நல்லா சாப்பிடட்டும், எலும்பும் தோலுமாய் இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அவள் கடைக்குப் போயிருக்கிற நேரத்தில் ஒன்றிரண்டு முறை என்னிடம் இருந்த சாவியைப் போட்டு உள்ளே போயிருக்கிறேன். அடுப்படி சுத்தமாக இருக்குமா என்று பார்க்கத்தான். சுத்தமாகவே இருக்கும். ஆனால் காலையில் போனவள் கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தில் மத்தியானம் ஈரம் இருக்கும். ஜன்னல் மூடியிருப்பதால் காயவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சலவைக்குப் போட்டு எடுத்த படுக்கை விரிப்பின் வாசனை ஒன்று புறவாசலில் நிற்கும். அந்த வீட்டில் அப்படிப்பட்ட விரிப்பு ஒன்றுகூட இல்லை. ஒரு தடவை, இப்போதுதான் யாரோ எழுந்து போன இடத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி முதுகு கூசியது. வயசாகிவிட்டது உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டு தென்காசி பஸ்ஸைப் பிடித்தேன்.

குழு கூடுவதற்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் அவள் வேலைக்குப் போகாமல் நேராக ஹோமுக்கு வந்து என் மேசை முன்னால் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"மிஸ், அங்கன யாரும் இல்ல."

"யாரும் இல்லாம இருக்கத்தானட்டி உன்ன அங்கன அனுப்பி வச்சிருக்கு?"

"அப்படி இல்ல மிஸ்." அவள் தலையை ஆட்டினாள். "இப்பதான் யாரும் இல்ல."

நான் டீ டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

அவளை உட்கார வைத்து மெதுவாகக் கேட்டேன். போன முதல் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வாய்க்குள் இறங்கவில்லை. எண்ணிக்கை சொல்லாமல் எப்படிச் சாப்பிடுவது? யாரும் இல்லாத வீட்டில் எழுந்து நின்று "பதினொண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். சொன்னதும் பழக்கத்தில் அடுத்த நம்பருக்காகக் காத்திருந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துப் புறவாசல் பக்கமிருந்து, சுவருக்குள்ளே இருந்து பேசுகிற மாதிரி ஒரு சத்தம். "பன்னெண்டு."

"நீ என்ன செஞ்ச?"

"சாப்புட்டேன் மிஸ்."

அன்றிலிருந்து தினமும் அப்படித்தானாம். இவள் சொல்வாள், அது சொல்லும். அதற்கு ஒரு பங்கு சோறும் குழம்பும் துவைக்கிற கல்லில் மூடி வைப்பாளாம். காலையில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து இருக்குமாம். அரிசி போன வழி எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அது யாருன்னு நெனச்ச?"

"பன்னெண்டு அக்காதான் மிஸ். அவங்க செத்துப் போயிட்டாங்கல்லா. போக எடமில்லாம இங்கன வந்துட்டாங்க." மாடி வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"பேய் எங்கயாவது பாத்திரம் கழுவுமாட்டி?"

"ஹோம்ல வளந்த பேய் கழுவும் மிஸ்" என்றாள். சிரிக்கவில்லை. இப்போது கொஞ்ச நாளாகப் பதில் வரவில்லை, வைத்த சோறு அப்படியே இருக்கிறது, இவளும் சாப்பிடவில்லை. இவளுக்கு அதுதான் பயம்.

பன்னிரண்டாம் நம்பர் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பயிற்சி வீட்டில் முதலில் இருந்தவர்களில் ஒருத்தி. அப்போது லாட்ஜ் திறந்திருந்தது. சீசனில் அங்கே விரிப்பு துவைக்கிற வேலைக்குப் போய் நாலு காசு சேர்த்தாள். பிறகு திருப்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, தனி ரூம், கையில் சம்பளம். தையல் மெஷின் பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை எனக்கு அனுப்பினாள். அதைப் பெரிதாக்கி ஹோம் ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தோம். வருகிற பிள்ளைக்கெல்லாம் அவளைத்தான் காட்டி, "பாருங்கட்டி, இவள மாதிரி இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு போன் எடுக்கவில்லை. கம்பெனியில் விசாரித்தால், சொல்லாமல் போய்விட்டாள் என்றார்கள். போலீசில் சொன்னோம், தேடினோம், கிடைக்கவில்லை. செத்துவிட்டாள் என்று பிள்ளைகள் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். அவள் நம்பரைப் புதுப் பிள்ளை யாருக்கும் கொடுக்கவில்லை. ராத்திரி வரிசையில் பதினொன்றுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம் சும்மா நிற்பார்கள். சின்னதுகள்கூட நிற்கும். அதை நான் தடுத்ததில்லை.

இதைக் குழுவிடம் சொல்ல முடியுமா? தனியாக இருக்கச் சொன்னால் செத்தவளோடு பேசுகிறாள் என்று தெரிந்தால், பிள்ளைக்குத் தனியாக இருக்க முடியவில்லை, உறவுக்காரரோடு அனுப்பலாம் என்றுதான் சொல்வார்கள். மாமாவும் மிக்சர்ப் பையோடு காத்திருக்கிறார். அன்று சாயங்காலமே அவளோடு குற்றாலத்துக்குப் போனேன். காட்டுகிறேன், ஒன்றும் இல்லை என்று நிரூபிக்கிறேன், தலையில் ஒரு குட்டு வைத்து எல்லாவற்றையும் சரி செய்கிறேன் என்ற வேகம்தான்.

வெளிச்சம் போகிற நேரம். மலைப்பக்கம் மேகம் இறங்கியிருந்தது, மழை இல்லை. அவள் அளவாக உலை வைத்தாள், ரசம் வைத்தாள். எனக்கும் தனக்கும் தட்டு வைத்தாள். மூன்றாவதாக ஒரு பாத்திரத்தில் எடுத்து மூடினாள். பிறகு அடுப்படியில் நேராக நின்று, கை இரண்டையும் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, "பதினொண்ணு" என்றாள்.

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. இருவரும் காத்திருந்தோம். லாட்ஜில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பூட்டிக் கிடக்கிற கட்டிடத்தில் குழாய் எப்படிச் சொட்டும் என்று தோன்றி, அதைத் தோன்றவிடாமல் அமுக்கினேன். வேறு சத்தம் இல்லை. ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

"சரி, ஒக்காரு. சாப்புடு."

"அக்கா சொல்லலயே மிஸ்."

"சொல்ல மாட்டா. அங்கன ஒருத்தியும் கெடையாது. சாப்புடுட்டி."

அவள் அசையவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இந்த வரிசைக்காக, இந்த நம்பருக்காக ஒரு பெண் தன் வாழ்க்கையைக் கொண்டுபோய் அந்த மாமன் காலடியில் வைக்கப் போகிறாளே என்று ஆத்திரம் வந்தது. எழுந்து நின்று, புறவாசலைப் பார்த்து, நானே உரக்கச் சொன்னேன்.

"பன்னெண்டு! போதுமா? இப்ப சாப்புடு."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க சொல்லக் கூடாது மிஸ்" என்று என் வாயைப் பொத்த வந்தாள். ஹோமில் வார்டனைக்கூடத் தொட்டுப் பேசாத பெண்.

அப்போது இரும்புக் கதவுக்குப் பின்னால் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. துணி மூட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி. அது கதவு வரைக்கும் வந்து நின்றது. பிறகு கதவின் அடிப்பக்கம், கிட்டத்தட்ட தரையிலிருந்து, காய்ந்துபோன ஒரு குரல்.

"பன்னெண்டு... நாந்தான் பன்னெண்டு."

 பேய் இல்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேய் உண்டு என்று நம்பிய சின்னவள்தான் ஓடிப் போய்த் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கதவின் அடி இடுக்கில் வாய் வைத்து, "அக்கா, சாப்புடலயா அக்கா?" என்று கேட்டாள்.

தெருமுனை டீக்கடை அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். கடப்பாரையோடு வந்தார். கதவை நெம்பியபோதுதான் தெரிந்தது, அது துருப்பிடித்து ஒட்டவே இல்லை. கீலில் எண்ணெய் விட்டிருந்தது. அந்தப் பக்கத் தாழ்ப்பாள் மட்டும்தான், ஒரு நெம்பில் வந்துவிட்டது. உள்ளே லாட்ஜின் சலவை அறை. பழைய விரிப்புகள் அடுக்கடுக்காக மடித்து வைத்திருந்தன. அதில் நாலைந்தை விரித்து ஒரு படுக்கை. ஒரு வாளி, ஒரு சீப்பு. கதவடியில் அவள் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. அண்ணாச்சி அவளைத் தூக்கும்போது, "என்னம்மா இது, ஒண்ணுமே இல்லியே" என்றார். கனத்தைத்தான் சொன்னார்.

தென்காசி பெரியாஸ்பத்திரியில் டைபாய்டு என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். சின்னவள் கட்டில் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். மூத்தவளுக்குத் தெளிவு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, எத்தனை காலமாக அங்கே என்பதல்ல. எதற்காக என்பதுதான். கம்பெனியில் யாராவது ஏதாவது செய்தார்களா என்று பயந்தேன்.

"யாரும் ஒண்ணும் செய்யல மிஸ். நல்ல ரூம். நல்ல சம்பளம்." அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒரு நாள் பஸ்ஸ விட்டுட்டு ரொம்ப நேரம் கழிச்சு வந்தேன். கம்பெனி ஹாஸ்டல், மாடி முழுக்கப் பிள்ளைங்க. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சுக் கையக் கழுவிக்கிட்டு இருக்காங்க. நான் வரலன்னு ஒருத்தருக்கும் தெரியல. நான் வரலன்னாலும் அங்கன எல்லாரும் சாப்புடுதாங்க மிஸ்."

 உலகத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான், யார் வராவிட்டாலும் மற்றவர்கள் சாப்பிடத்தான் செய்வார்கள் என்பதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை.  மூக்கைச் சிந்திவிட்டு, ஹோமுக்கு வந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"ஆபீஸ்ல என் போட்டோ இருக்குல்லா. எப்படி மிஸ் வர?"

அவளுக்குச் சாவி கொடுத்துப் பழக்கிய ஒரே வீடு அந்தப் பயிற்சி வீடு. அங்கே வேறு பிள்ளை இருந்ததால் முன்பு தான் வேலை பார்த்த பக்கத்துச் சலவை அறைக்குள் நுழைந்திருக்கிறாள். பகலில் தெருப்பக்கம் வரமாட்டாள், சின்னவள் வேலைக்குப் போனதும் இரும்புக் கதவு வழியாக எங்கள் அடுப்படிக்குத்தான் வருவாளாம். நான் சாவி போடுகிற சத்தம் கேட்டதும் உள்ளே போய்விடுவாளாம். நான் அடுப்படியில் உட்கார்ந்து இருந்த நேரமெல்லாம், கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருக்கிறாள்.  எண்ணிக்கைக்கு மட்டும் ஏன் பதில் சொன்னாய் என்று கேட்டேன். "பதினொண்ணுன்னு கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியல மிஸ்" என்றாள்.

குழு கூடிய அன்று மாமா புதுச் சேலை ஒன்றைக் கவரில் போட்டு எடுத்து வந்திருந்தார். குழுவின் தலைவரம்மா நல்லவர், நிதானமானவர். சின்னவளைப் பார்த்துக் கேட்டார்: "தனியா இருந்துக்கிடுவியாம்மா?"

இருந்துக்கிடுவேன் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் இத்தனை பாடும். வழியெல்லாம் சொல்லிக் கூட்டி வந்திருந்தேன்.

"மாட்டேன்" என்றாள்.

மாமா எழுந்துவிட்டார். 

"தனியா இருக்க மாட்டேன். அக்காகூட இருப்பேன். அக்கா வெளிய பெஞ்சுல இருக்காங்க."

தலைவரம்மா என்னைப் பார்த்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. மாமா குறுக்கே புகுந்து, "ஓடிப் போனவ கூடயா மேடம் பிள்ளைய விடுதீங்க? குடும்பம்னு ஒண்ணு இருக்குல்லா?" என்றார். அதுவும் பார்க்கிறவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. வெகு நேரம் பேசினார்கள். கடைசியில், ரெண்டு பேரும் சேர்ந்து தென்காசியில் ரூம் எடுக்கட்டும், கொஞ்ச நாள் கழித்து ஆள் அனுப்பி வீட்டுக்காரரிடம் விசாரிப்போம், மூத்தவள் பொறுப்பாகக் கூட இருக்கிறாள் என்று தெரிந்தால் உதவி தொடரும், இல்லையென்றால் மாமா வீட்டை யோசிக்க வேண்டியதுதான் என்று முடிவானது. மாமா சேலைக் கவரை மடியில் வைத்துக்கொண்டு, "நான் எங்க போயிரப் போறேன்" என்று சிரித்தார்.

தென்காசியில் ஒரு மாடி ரூம் கிடைத்தது. கீழே வீட்டுக்கார ஆச்சி, வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு பரவாயில்லை. இருவரையும் குடி வைத்துவிட்டு நான் மற்ற பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டேன். போன் போட்டால் சின்னவள், "நல்லா இருக்கோம் மிஸ்" என்பாள். விசாரிக்க மறுநாள் ஆள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். ஆச்சி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நல்ல பிள்ளதான் கொண்டாந்து விட்டிருக்கீக. வந்த எடம் தெரியல, இருந்த எடம் தெரியல." ஒரு தண்டை முறித்துப் போட்டுவிட்டுக் கேட்டார், "ரெண்டு பேருன்னு சொன்னீகளே, இன்னொரு பிள்ள குடி வந்த அன்னைக்கோட போயிட்டாளா? பாக்கவே முடியலயே?"

செருப்பைக் கழற்றப் போனவள் நிமிர்ந்தேன். "ஒத்தப் பிள்ளயா இருக்கு?"

"ஒத்தப் பிள்ளதான். எனக்குத் தெரியாதா? தலைக்கு மேலல்லா நடக்கா. ஒரு காலுதான் நடக்கும்."

மாடிப்படியை ஓடி ஏறினேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். சின்னவள் வேலைக்குப் போகக் கையில் ரிப்பனோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்று தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தவள் மூத்தவள்.

மூத்தவளை மேலும் கீழும் பார்த்தேன். நன்றாகத் தேறியிருந்தாள். ரூமும் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் அடுப்பு மேடையில் துணி விரித்து அதன் மேல்தான் பாத்திரங்கள். வாளிக்கு அடியிலும் துணி. செருப்பு வாசலில் ஒரு ஜோடிதான், மற்றது கட்டிலுக்குக் கீழே. ஆச்சி கோவிலுக்குப் போன பிறகுதான் மூத்தவள் படியிறங்குவாளாம், ஆச்சி தூங்கிய பிறகுதான் ஏறுவாளாம். நடக்கும்போது சுவரோரமாகவே நடப்பாள், தளத்தில் அதிர்வு வராது. அவள் என் பக்கம் நாலடி வந்தாள். கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"நாளைக்கு ஆள் வரும். கீழ ஆச்சிகிட்ட கேப்பாங்க. ஆச்சி என்ன சொல்லுவா தெரியுமா?" மூத்தவளிடம் கேட்டுவிட்டுச் சின்னவள் பக்கம் கை காட்டினேன். "நீ இங்க இல்லன்னு சொல்லுவா. பொறவு இவ எங்க போவா?"

மூத்தவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் தன் கையில் இருந்த ரிப்பனைப் பார்த்தாள்.

"கீழ போயி ஆச்சிகிட்ட பேசுதேன் மிஸ்" என்றாள் மூத்தவள். சொன்னாளே தவிர கால் நகரவில்லை.  எனக்குத் தெரியும், அவளால் முடியாது. ஒளிந்திருக்க இவ்வளவு நன்றாகப் பழகியவளுக்கு ஒரு படி இறங்குவதே மலை இறங்குவதுதான்.

மூலையில் எவர்சில்வர் குடம் இருந்தது, காலிக் குடம். எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"கீழ போடு."

"மிஸ்?"

"போடுட்டி!"

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். கையை விட்டாள். குடம் தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் மோதித் திரும்ப உருண்டது. அந்தச் சத்தத்தில் அவளே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

கீழேயிருந்து ஆச்சி கத்தினார். "யாரது? என்னத்தப் போட்டு ஒடைக்கீக?"

சின்னவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். அவள் புரிந்துகொண்டு பேசாமல் நின்றாள்.

"ஏட்டி, யாருன்னு கேக்கேன்லா?"

மூத்தவள் கதவருகே போனாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள். "நாந்தான் ஆச்சி" என்றாள், எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"நாந்தான்னா யாரு? பேரு கெடையாதா?"

அவள் தன் பேரைச் சொன்னாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. ரெண்டாம் தடவை சொன்னது தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.